பதினோரு நாளுக்கு ஒருமுறை

நட்சத்திரம் பார்க்கும் வேலையா என்று கேட்கிறார்கள்,
விகுன்யா பேருந்தில், பல் மருத்துவரிடம், எங்கும்.
ஆமென்று சொல்லிவிடுகிறேன்.
இரண்டு வருடத்தில் நான் அதிகம் பார்த்தது
ஓர் எஃகுப் பீப்பாயின் அடிப்பக்கம்.

பீப்பாய்க்குள் உணரி,
இரண்டு தபால்தலையை ஒட்டிவைத்த அளவு.
அதற்குக் குளிர் வேண்டும், மைனஸ் நூற்றிருபது.
குளிருக்கு வெற்றிடம் வேண்டும்.
வெற்றிடத்துக்கு என்ன வேண்டும் என்பதுதான்
யாருக்கும் தெரியவில்லை.
பதினோரு நாளுக்கு ஒருமுறை அழுத்தம் ஏறும்,
நான் பம்பை உருட்டிக்கொண்டு போவேன்.
கைக்குழந்தைக்கு ராத்திரி எழுந்திருப்பதுபோல, என்பார் நொல்பெர்டோ.
அவருக்கு நான்கு பிள்ளைகள்.
ஒன்றுக்கும் எழுந்ததில்லை என்று
அவர் மனைவி சொன்னாள்.

எனக்கு முன்னால் இங்கே இருந்தவன் இல்மாரி.
குட்டி எழுத்தில் அவன் ஒட்டிய சீட்டுகள் இன்னும் இருக்கின்றன:
'இதைத் திருகாதே.'
'இதையும்தான்.'
ஒப்பந்தம் முடிந்ததும் ஒவுலுவுக்குப் போய்விட்டான்.
தயிர்க் கிண்ணங்களின் மூடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று
பார்க்கும் கேமராக்கள் செய்கிறான்.
அங்கே ஆகஸ்டுக்குப் பிறகும் சம்பளம் வருமாம்.

எனக்கு நாற்பத்து மூன்று நாள் இருந்தபோது,
ஒரு செவ்வாய்க்கிழமை, என் வேலைக்கு விளம்பரம் வந்தது.
வெற்றிடம் ஒன்று, விரைவில் நிரப்பப்படும்.
சிரித்துவிட்டேன்.
நிரப்பாதீர்கள் ஐயா,
அது நிரம்பாமல் இருக்கத்தானே
இத்தனை பாடு.

அன்றிரவே ஆரம்பித்தோம்.
மெல்லிய குழாயால் மூட்டு மூட்டாக
நொல்பெர்டோ ஹீலியம் ஊதுவார்,
நான் எண்ணைப் பார்ப்பேன்.
ஒன்றுமில்லை. ஊதுவார். ஒன்றுமில்லை.
மூன்றாம் இரவு எங்களுக்குள் பேச்சு தீர்ந்தது.
ஆறாம் இரவு அவர் பாட ஆரம்பித்தார், சகிக்கவில்லை.
ஒன்பதாம் இரவு, பின்பக்கக் கண்ணாடியின் விளிம்பில்,
எண் துள்ளியது.

சூடாக்க இரண்டு நாள்.
பன்னிரண்டு திருகு.
ரப்பர் வளையத்தின் குறுக்கே, கிரீஸில் பதிந்து,
ஒரு முடி.

மயிரிழையில் தப்பித்தான் என்பார்களே,
இங்கே மயிரிழை வழியாகத் தப்பித்து
உள்ளே போய்க்கொண்டிருந்தது
கோக்கிம்போ மாகாணத்துக் காற்று.

என்னுடையது கறுப்பு.
நொல்பெர்டோ தலையில் ஒன்றுமே இல்லை,
சந்தேகத்துக்கு இடமில்லாத மனிதர்.
விளக்கருகே பிடித்தோம். செம்பட்டை.

அறுபத்தாறு முறை பம்ப்.
தங்கையின் பிரசவத்தன்று பம்ப்.
ஏதோவொரு விண்மீன் கூட்டத்தின் வெளிச்சம்,
அது கிளம்பியபோது மனிதரே இல்லை,
முடி மட்டும் இருந்தது, எந்த எலியின் முதுகிலோ,
அத்தனை காலம் நடந்து வந்து
உறைபனி படிந்த கண்ணாடியில்
முட்டி நின்றிருக்கிறது.
திட்ட வாய் திறந்தேன்.
திட்டுவதற்கு ஆள் இல்லை,
ஐந்து சென்டிமீட்டர்தான் இருந்தது.

டேப் போட்டு அதைக் குறிப்பேட்டில் ஒட்டினேன்,
தேதி, நேரம், கையெழுத்து: யஸ்னா.
படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன், வேறொன்றும் எழுதாமல்.
காலையில் பதில் இருந்தது.
'மன்னித்துக்கொள். இப்போது அழுத்தம் எவ்வளவு?'
எண்ணை அனுப்பினேன்.
ஒரு மணி நேரம் கழித்து மறுபடி:
'இப்போது?'

அவன் சீட்டுகளுக்குக் கீழே நானும் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.
'முடியைக் கட்டு. நீ யாராக இருந்தாலும்.'

பதினோராம் நாள்
கால் பழக்கத்தில் பம்போடு போய் நின்றேன்.
எண் அசையவில்லை.
கொஞ்ச நேரம் நின்றேன், யாராவது கூப்பிடுவார்கள் என்பதுபோல.
ஒப்பந்தத்தில் இன்னும் பத்தொன்பது நாள்.
திரும்ப உருட்டிப் போகும்போது
பம்பின் ஒரு சக்கரம் கீச்சிட்டது.
இரண்டு வருடமாகக் கீச்சிட்டிருக்கும்.
எண்ணெய் எடுக்கப் போனேன்.